கண்டல்குடாத் துறையும் அயர்லாந்து முறையும்

எங்கள் பிரதேச சபைக்கு அயர்லாந்து தெரியும், கண்டல்குடா தெரியாது. கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சபைக் கட்டடத்தின் முன்மண்டபத்துக்குப் போனால் நீங்களே பார்க்கலாம். அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள ஏதோ ஒரு மாவட்டத்தின், அவர்கள் சொல்கிறபடி கவுண்டியின், வரைபடத்தைக் கண்ணாடி போட்டுச் சுவர் நிறைய மாட்டியிருக்கிறார்கள். அந்தக் கவுண்டியில் எந்தத் தேர்தல் தொகுதிக்கு எத்தனை உறுப்பினர் என்று நிறம் பிரித்துக் காட்டியிருக்கிறது. எங்கள் சபைப் பிரிவின் வரைபடம் மலசலகூடத்துக்குப் போகிற வழியில், கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அதில் வாவியின் மேற்கே படுவான்கரைப் பக்கம், கண்டல்குடா இருக்க வேண்டிய இடத்தில், ஒரு ஆணி அடித்துக் குடை கொழுவியிருப்பார்கள்.

அயர்லாந்து எங்களுக்கு வந்து சேர்ந்த கதை சின்னதுதான். போன சபைக் காலத்தில் ஒரு வெளிநாட்டு நிறுவனம், நல்ல உள்ளூராட்சியைப் பார்த்துப் படிக்கட்டும் என்று சபைக்குத் தலைமை வகிக்கும் தவிசாளர் கோணாமலையையும் சில உறுப்பினர்களையும் அங்கே அழைத்துப் போனது. அங்கே கவுண்டிக் கவுன்சில் என்று ஒரு சபை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மக்கள் அதற்கு உறுப்பினர்களைத் தெரிவு செய்கிறார்கள். உறுப்பினர்கள் கொள்கை வகுக்கிறார்கள். அன்றாட வேலைகளைத் தேர்தலிலேயே நிற்காத ஒரு பிரதம நிறைவேற்று அதிகாரி பார்த்துக்கொள்கிறார். சபைத் தலைவர் கழுத்தில் பெரிய சங்கிலி ஒன்று போட்டுக்கொள்கிறார். போனவர்கள் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார்கள். கோணாமலை சங்கிலியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாராம்.

திரும்பி வந்த கையோடு பட்டணத்துப் பத்தரிடம் சொல்லி முலாம் பூசிய சங்கிலி ஒன்று செய்வித்துக்கொண்டார். நடுவில் தேங்காய்ப் பாதி அளவில் ஒரு பதக்கம், அதில் வாவி மீன் ஒன்று. சபைக் கூட்டத்துக்கு அதைப் போட்டு வந்தார். பிறகு நூல்நிலையத் திறப்புக்கு, விளையாட்டுப் போட்டிக்கு, கடைசியில் செத்த வீட்டுக்கும் போட்டு வந்தார். குனிந்து மாலை வைக்கும்போது பதக்கம் பெட்டியில் இடித்து ஒரு சத்தம் கேட்கும். சனம் பழகிவிட்டது.

சங்கிலியோடு ஒரு பதிலும் வந்து சேர்ந்தது. தெருவிளக்கு எரியவில்லை என்று யாராவது போய் நின்றால் கோணாமலை பொறுமையாக விளக்குவார்.

"தம்பி, அயர்லாந்தில உறுப்பினர்மார் லைற் போடுறேல்ல. அவங்க கொள்கைதான் வகுப்பாங்க. லைற் போடுறது பிரதம நிறைவேற்று அதிகாரிட வேல."

"எங்கட சபையில அது ஆரு ஐயா?"

"எங்களிட்ட அப்பிடி ஒராள் இல்ல."

கேட்டவர் விளங்கிக்கொண்டு இருட்டில் வீட்டுக்குப் போவார்.

இப்படிப்பட்ட சபைக்குத்தான் கண்ணகையைக் கூட்டிப்போக உதயரூபன் வந்தான். அவன் கோணாமலையின் கட்சிக்கு எங்கள் பகுதி அமைப்பாளர். கண்ணகை தோணிக்காரரிடம் இறாலும் நண்டும் வாங்கி, வாவியைக் கடந்து கிழக்கே எழுவான்கரைச் சந்தையில் விற்பவள். புருஷன் இல்லை, பிரதீஸ் என்று வளர்ந்த மகன் ஒருவன், கிடைத்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். உதயரூபன் வந்தபோது அவள் முற்றத்தில் இறால் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்களைச் சபைக்கு அனுப்பப் போறம்."

"என்னத்துக்கு?"

"நாலில ஒரு பங்கு பொம்புளையள் இரிக்கோணும் எண்டு சட்டம். எங்களுக்கு ஒராள் குறையுது."

"அப்ப என்னை அந்தக் குறைக்கா கேக்கிறாய்?"

"சீச்சீ, நிறைவுக்குக் கேக்கிறன்."

கண்ணகை காக்கையை விரட்டிவிட்டு யோசித்தாள். அவளுக்குச் சபையில் ஒரு ஆசையும் இல்லை. அவளுக்கு வேண்டியது தோணி ஏறி இறங்க ஒரு துறை. கண்டல்குடாவுக்கு ஆஸ்பத்திரியும் சந்தையும் பெரிய பள்ளிக்கூடமும் தண்ணீருக்கு அந்தப் பக்கம். தரைவழியாகக் கொக்கட்டிச்சோலையைச் சுற்றிப் போகலாம். மாரியில் அந்தப் பாதையும் வெள்ளத்தில் போய்விடும். சண்டை முடிந்த கையோடு யாரோ போட்டுத் தந்த மரத்துறை உக்கிப் பலகை பலகையாக வாவியில் விழுந்துவிட்டது. அதன் பிறகு தோணியில் ஏறுகிற எல்லோரும் கண்டல் வேருக்குள்ளே முழங்கால் சேற்றில் இறங்கித்தான் ஏறினார்கள்.

போன மாரியில் மேனுகாவுக்குப் பிரசவ வலி வந்தது. கண்ணகையின் குடியைச் சேர்ந்த பிள்ளை, பக்கத்து வளவுதான். ஒரு கையைக் கண்ணகையும் மற்றக் கையை மேனுகாவின் புருஷனும் பிடித்துத்தான் தோணிக்குக் கொண்டு போனார்கள். சேற்றுக்குள் கால் புதைந்து மேனுகா வயிறு அடிபட விழுந்தாள். பிள்ளை தப்பவில்லை. அன்று தொடக்கம் கண்ணகை வாய் திறந்தால் துறைதான். மேனுகாவுக்கு முன்னால் மட்டும் அதைப் பற்றிப் பேசமாட்டாள்.

"துறை கட்டித் தருவீங்களா?" என்று உதயரூபனிடம் கேட்டாள்.

"நாங்க ஏன்கா கட்ட? நீங்க சபையில இரிந்தா நீங்களே கட்டலாமே. வட்டாரத்தில தோத்தாலும் பயமில்ல. வாக்குக் கணக்குப் பாத்து மேலதிகமா ஒராளைக் கட்சி அனுப்பலாம். அதில முதல் பேர் நீங்கதான். இது நான் தாற வாக்கு."

அவன் சொல்லாத ஒன்றும் இருந்தது. கண்டல்குடாவில் கண்ணகையின் குடிதான் பெரிய குடி. எங்கள் பக்கத்தில் குடி தாய்வழி வருவது. பிள்ளை தாயின் குடி, தாய்க்கு மேலே தாய்மாமன். ஒவ்வொரு குடிக்கும் கோயிலில் ஒரு வண்ணக்கர் உண்டு. கோயிற் காரியத்தில் குடிக்காக அவர்தான் பேசுவார். கோயில் என்று தொடங்கினால் மற்றக் காரியங்களிலும் அவர்தான் பேசுவார். கண்ணகையின் குடிக்கு வண்ணக்கர் அவளுடைய சொந்த அண்ணன் அழகரத்தினம். இரண்டு வருடத்துக்கு முன் திருவிழாவில் கோணாமலை சங்கிலியோடு வந்து, அந்தக் குடிக்குரிய முதல் மரியாதையைத் தன் முறை வருமுன்னே கைநீட்டி வாங்கிவிட்டார். அன்றிலிருந்து அந்தக் குடியில் ஒரு வாக்கும் அவருடைய கட்சிக்கு விழுந்ததில்லை.

கண்ணகை சம்மதித்ததும் அழகரத்தினம் வெள்ளிக்கிழமைப் பூசை முடிய வாசலில் நின்று சொன்னார்.

"பழசை விடுவம். இந்த முறை எங்கட புள்ளைக்கு."

அவ்வளவுதான். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். வண்ணக்கர் சொன்னால் குடி சொன்ன மாதிரி. வீடு வீடாகப் போய்க் கும்பிட வேண்டும் என்று பயந்துகொண்டிருந்த கண்ணகைக்குப் பெரிய ஆறுதல். அண்ணனின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். கூட்டத்தில் கோணாமலை பேசும்போது, "பெண்கள் சபைக்கு வரவேணும். அவங்க வராட்டி எங்கட வேட்புமனுவைத் தள்ளிப் போடுவாங்க" என்று உணர்ச்சியோடு சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

வட்டாரத்தில் கண்ணகை கொஞ்ச வாக்கில் தோற்றாள். ஆனால் அவளுடைய குடி அள்ளிப் போட்ட வாக்கு கட்சியின் மொத்தக் கணக்கில் போய்ச் சேர்ந்து மேலதிகமாக ஓர் உறுப்பினரைக் கொண்டுவந்தது. அந்த ஓர் ஆளால்தான் கோணாமலைக்குத் திரும்பவும் தவிசாளர் கதிரை. கண்ணகையின் முற்றத்திலேயே வெடி கொளுத்தினார்கள். சத்தியப்பிரமாணத்துக்கு நல்ல சேலையாக உடுத்து வரச்சொல்லி உதயரூபன் ஆள் அனுப்பினான். அவள் ஏறாவூரில் கைத்தறிச் சேலை ஒன்று வாங்கினாள். மேனுகாதான் அதற்குச் சட்டை தைத்துக் கொடுத்தாள்.

மண்டபத்தில் அவளை முதல் வரிசையில் இருத்தினார்கள். ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். மேலதிக உறுப்பினர் என்று வந்தபோது கண்ணகை சேலையைச் சரிசெய்துகொண்டு எழும்பினாள். ஒலிபெருக்கி பிரஷாந்தி என்றது. பிரஷாந்தி கோணாமலையின் மனைவிக்குத் தங்கை; கொழும்பில் மணப்பெண் அலங்காரம் செய்கிறவள். கண்டல்குடாவைக் கதவுக்குப் பின்னாலுள்ள வரைபடத்தில்கூடப் பார்த்திராதவள். அவள் மேடைக்கு ஏறிப் போனாள். நின்ற கண்ணகையிடம் பின்னால் இருந்தவர்கள், மறைக்குது, இருங்க என்றார்கள்.

கோணாமலை பேசினார்.

"அயர்லாந்தில ஒரு வேட்பாளர் தோத்தா அவருக்கு விழுந்த வாக்கைக் குப்பையில கொட்டுறேல்ல. அடுத்த விருப்பு ஆரோ, அவருக்கு மாத்திறாங்க. அதுதான் நாகரிகம்! நாங்களும் அந்த முறையைக் கட்சிக்குள்ள கொண்டுவந்திட்டம். கண்ணகைத் தங்கச்சிக்கு விழுந்த ஒரு வாக்கும் வீண்போகல்ல. அவ்வளவும் பத்திரமா பிரஷாந்திட்டப் போய்ச் சேந்திட்டு."

கைதட்டல் எழும்பியது. பக்கத்தில் இருந்தவள் தட்டினாள் என்று கண்ணகையும் தட்டினாள். என்ன நடந்தது என்று அவளுக்கு வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. உதயரூபனைப் பிடித்துக் கேட்டாள்.

"தம்பி, நீ எனக்குத் தந்த வாக்கு?"

"அதுவும் மாறிட்டக்கா. கோபிக்காதங்க. உங்களை எடுத்தா ஒவ்வொரு கூட்டத்திலயும் துறை, துறை எண்டு நிப்பீங்க. பிரஷாந்தி ஒண்டும் கேக்கமாட்டா. சபைக்கு அப்பிடி ஆள்தான் தோது."

அடுத்த கிழமை பிரதீஸுக்குச் சபையில் தற்காலிகத் தொழிலாளி வேலை கிடைத்தது. அவன் முன்பே கேட்டுவைத்த வேலைதான் என்றான். கண்ணகையும் நம்பினாள். கண்டல்குடா நம்பவில்லை.

"மகனுக்குக் காற்சட்டையும் சேட்டும், எங்களுக்குச் சேறு" என்று கிணற்றடியில் அவள் காதுபடச் சொன்னார்கள். "எங்கட வாக்கை வித்துத் தின்னுட்டாள்."

கண்ணகையால் அதைத் தாங்க முடியவில்லை. உறுப்பினர் பதவி போனதைவிட இது எரிந்தது. வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் கற்பூரம் கொளுத்தி, குடிச்சனம் பார்த்திருக்க அடித்துச் சத்தியம் செய்தாள்.

"என்ர மகன்ட வேலைக்கு நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ர கண் அவியட்டும்!"

அழகரத்தினம் பக்கத்தில் நின்றார். தங்கையின் நெற்றியில் விபூதி பூசிவிட்டுத் தேவாரம் பாடப் போய்விட்டார். சனம் அரைமனதோடு கலைந்தது. சிலர் அவளோடு திரும்பப் பேசத் தொடங்கினார்கள். சிலர் பேசவில்லை.

பதவி இல்லாவிட்டால் என்ன, பொதுமக்களில் ஒருத்தியாகக் கேட்கலாமே என்று கண்ணகை சபைக் கூட்டத்துக்குப் போனாள். பிரஷாந்தியின் கதிரையில் ஒரு தண்ணீர்ப் போத்தல், அதில் சாத்திய ஒரு கைத்தொலைபேசி. பிரஷாந்தி கொழும்பில் ஒரு கலியாணப் பெண்ணுக்குக் கொண்டை போட்டபடி சபையில் கலந்துகொண்டிருந்தாள். வாக்கெடுப்பு வந்தால் திரையில் கட்டைவிரல் படம் ஒன்று தோன்றும். சபைச் சிற்றூழியர் அதைப் பார்த்து, "உறுப்பினர் ஆதரவு" என்று அறிவிப்பார்.

கண்டல்குடாத் துறை கொள்கைக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. கொள்கைக் குழுவில் மக்கள் பிரதிநிதி ஒருவரும் இருக்க வேண்டும் என்பது அயர்லாந்து முறை என்று சொல்லிக் கண்ணகையையே அதில் போட்டார்கள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. குழு மாதம் தவறாமல் கூடியது. துறை என்றால் என்ன, அது தரையில் தொடங்கித் தண்ணீரில் முடிகிறதா, தண்ணீரில் தொடங்கித் தரையில் முடிகிறதா என்று பேசினார்கள். கடைசியில் கோணாமலை சங்கிலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தீர்மானத்தை வாசித்தார். கண்டல்குடா மக்கள் கால் நனையாமல் தோணி ஏறும் உரிமையைச் சபை கொள்கையளவில் முழுமையாக ஏற்றுக்கொள்கிறது. கட்டைவிரல் தோன்றியது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

"அப்ப எப்ப கட்டுவீங்க ஐயா?"

"கட்டுறது நிறைவேற்று வேல, தங்கச்சி. நாங்க கொள்கை. ரெண்டையும் போட்டுக் குழப்பப்படாது."

"மாரி வருகுது ஐயா. இன்னும் ரெண்டு புள்ளத்தாச்சியள் இரிக்கிறாங்க."

"அவங்களுக்கும் இந்தக் கொள்கை பொருந்தும்" என்றார் கோணாமலை. அதைச் சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியது.

அப்போதுதான் அயர்லாந்திலிருந்து ஆள் வருகிறது என்ற செய்தி வந்தது. முன்பு போய்ப் பார்த்த அதே கவுண்டிக் கவுன்சிலின் உறுப்பினர், மொரீன் என்று ஒரு அம்மா. நம் சபை அங்கே படித்ததை இங்கே எப்படிச் செய்கிறது என்று பார்க்க வருகிறார். உதயரூபன் கண்டல்குடாவுக்கு ஓடிவந்தான்.

"அக்கா, துறை வருகுது! உண்மையாத்தான். அந்தம்மா தோணியில வந்து உங்கட கரையிலதான் இறங்கப் போறா. நீங்க செய்ய வேண்டியது ஒண்டுதான். உங்கட குடிப் பொம்புளையளைக் கூட்டி வாங்க. நிறைகுடம் வைக்கோணும், குரவை போடோணும்."

கண்ணகை யோசித்தாள். இந்த முறை அண்ணனிடம் சொல்லி அறிவிக்கவில்லை. தானே வீடு வீடாகப் போனாள். திட்டியவர்கள் வீட்டுக்கும் போய் நின்றாள். துறை வருகிறதாம், நான் சொல்லல்ல, வந்து பாருங்க என்றாள். மேனுகா வீட்டுக்கு வந்து படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேனுகாதான் பேசினாள்.

"நான் வாறன் பெரியம்மா."

உண்மையாகவே துறை வந்தது. உழவு இயந்திரப் பெட்டியில் பலகைகளும் இரும்புக் கால்களும் வந்து இறங்கின. பின்னேரம் ஆவதற்குள் கண்டல் வேர்களுக்கு மேலாகத் தண்ணீருக்குள் நீளமாக ஒரு துறை நின்றது. இரண்டு பக்கமும் கைபிடி, மேலே சிவப்புக் கம்பளம், கண்டல்குடா இறங்குதுறை என்று பெயர்ப்பலகை. சனம் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியது. மேனுகா கைபிடியைப் பிடித்துக்கொண்டு தொங்கல் நுனி வரைக்கும் தனியே நடந்து போனாள். அங்கே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வரும்போது கண்ணகையின் கையைப் பிடித்தாள். கிணற்றடியில் பேசியவளே வந்து, "நாங்க சும்மா உன்னைப் பழி சொல்லிட்டம் கா" என்று அழுதாள். கண்ணகையும் அழுதாள். அந்தக் காலமெல்லாம் நெஞ்சில் கிடந்த கல் அன்று இறங்கிற்று.

மறுநாள் காலை மொரீன் அம்மா தோணியில் வந்து இறங்கினார். குரவை வாவிக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது. வயதான, கன்னம் சிவந்த, சாதாரண சப்பாத்துப் போட்ட பெண். ஊரில் ஆடு வளர்க்கிறாராம். கோணாமலை அவருடைய கழுத்தையே பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"சங்கிலி எங்க எண்டு கேளுங்க" என்றார் மொழிபெயர்ப்பாளரிடம். மொழிபெயர்ப்பாளர் காத்தான்குடி றிப்ஷான், கல்லூரியில் ஆங்கிலம் படிப்பிக்கிறவர்.

றிப்ஷான் கேட்டுச் சொன்னார். "சங்கிலி தலைவருக்கு மட்டுந்தானாம். தலைவர் வருஷத்துக்கு வருஷம் மாறுவாராம். இவங்கட முறை எப்பவோ முடிஞ்சிட்டாம்."

"மாறுறதோ?" என்றார் கோணாமலை. "அந்தப் பகுதியை எங்களுக்கு ஆரும் மொழிபெயர்க்கல்ல."

பந்தலில் பேச்சுகள் நடந்தன. துறையைப் பற்றிக் கோணாமலை நிறையப் பேசினார். முடிவில் பொதுமக்கள் ஒரு கேள்வி கேட்கலாம் என்றார்கள். அதற்கும் ஒருவரை ஒழுங்கு செய்திருந்தார்கள். அயர்லாந்தில் குளிர் எப்படி என்று கேட்பதற்கு. அவர் எழும்புவதற்குள் கண்ணகை எழும்பிவிட்டாள். எதிர்த்துப் பேசும் எண்ணம் அவளுக்கு இல்லை. துறை வந்துவிட்டது, மனம் நிறைந்திருந்தது. விளங்காத ஒன்றை விளங்கிக்கொள்ளத்தான் கேட்டாள்.

"அம்மா, உங்கட ஊரில தோத்த ஆளுட வாக்கு மற்ற ஆளுக்குப் போகுமாமே. ஆருக்குப் போகோணும் எண்டு சொல்றது ஆரு?"

மொரீன் அம்மாவுக்குக் கேள்வி பிடித்துவிட்டது. கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். றிப்ஷான் ஒருதரம் கோணாமலையைப் பார்த்தார். பிறகு உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"வாக்குப் போடுற ஆள்தானாம். தன்ட கையாலேயே பேருக்கு நேர ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு எழுதுவாராம். முதல் ஆள் தோத்தா ரெண்டாம் ஆளுக்குப் போகும். அவர் எழுதாத ஆளுக்கு ஒருநாளும் போகாதாம். கட்சிக்காரருக்கு அதில கையே இல்லையாம்."

கண்ணகை கோணாமலையின் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, அப்ப பிரஷாந்திக்கு ரெண்டு எண்டு எங்கள்ள ஆரு எழுதின?"

கோணாமலைக்குக் கோபம் வரவில்லை. தன் நேர்மையைச் சந்தேகிக்கிறார்களே என்ற வருத்தம்தான் வந்தது. ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்தார்.

"தங்கச்சி, சபையில நான் ஒரு வேலையும் முறை தவறிச் செய்யல்ல. உங்கட குடி முதல் வாக்கை எப்பிடிப் போட்ட? ஒவ்வொருத்தரும் யோசிச்சா போட்டீங்க? வண்ணக்கர் வாசலில நிண்டு ஒரு வார்த்த சொன்னார், போட்டீங்க. அப்ப ரெண்டாவது விருப்பை நான் ஆரிட்டக் கேக்கிற? அவரிட்டத்தான் கேட்டன். அவர் சரி எண்டார். மருமகனுக்கு ஒரு வேல எண்டார். மரியாதைக்கு அதையும் குடுத்தன். இதைவிட மக்களைக் கேட்டுச் செய்யிற சபை அயர்லாந்திலயும் இரிக்காது."

என்ன பேசுகிறார்கள் என்று மொரீன் அம்மா ஆவலோடு கேட்டார். இந்த ஊர்த் தேர்தல் முறையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று றிப்ஷான் சொன்னார். அவர் புன்னகைத்துத் தலையாட்டினார்.

கண்ணகை அண்ணனைத் தேடிப் போனாள். அழகரத்தினம் நிறைகுடத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஓமா அண்ணன்?"

"தாய்மாமன் நான் பாக்காம வேற ஆரு பாக்கிற?" என்றார் அவர். அவருக்குக் குற்றம் செய்த முகம் இல்லை. "ஒரு பொம்புளப்புள்ள சபையில இரிந்து என்னத்தக் காணப் போறாய்? அவன் ஆம்புளப்புள்ள. நான் உனக்காகத்தானே செய்த."

"நான் கற்பூரம் அடிச்சு நிக்கக்குள்ள பாத்துக்கொண்டு நிண்டீங்களே."

"நீ கேக்கல்லத்தானே. நீ சொன்னது பொய்யில்லையே."

கிணற்றடிப் பெண் கண்ணகையைப் பார்த்தாள். அவர்கள் சொன்னது உண்மைதான். வாக்கு மகனின் வேலைக்குத்தான் போயிருக்கிறது. அவள் கையால் போகவில்லை என்பது இப்போது யாருக்கு வேண்டும்?

மொரீன் அம்மா வாகனத்தில் ஏறிப் போனார். வாகனம் மறைந்த கையோடு உழவு இயந்திரம் திரும்பி வந்தது. சபைத் தொழிலாளிகள் முதலில் பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள். பிறகு கம்பளத்தைச் சுருட்டினார்கள்.

"என்ன செய்யிறீங்க?" என்று கண்ணகை கத்தினாள்.

உதயரூபன் வந்தான். "அக்கா, இது கலியாண மேடை. பட்டணத்தில வாடகைக்கு எடுத்த. பின்னேரம் திருப்பிக் குடுக்கோணும். துறையைக் கொள்கையளவில திறந்து வச்சாச்சு, மறுகா ஏன் பயப்படுறீங்க?"

கண்ணகை துறையில் ஏறி நடுவில் போய் இருந்தாள். மேனுகா ஏறி வந்து பக்கத்தில் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் கிணற்றடிப் பெண்ணும் வந்தாள். ஒவ்வொருத்தியாக வந்து பலகை நிறையப் பெண்கள். தொழிலாளிகள் கையில் திருகுசாவிகளோடு நின்றார்கள். பொம்பிளைகளைத் தொட முடியாது என்று உதயரூபன் தவிசாளருக்குத் தொலைபேசியில் முறையிட்டான். தவிசாளர் என்ன சொன்னாரோ, அவன் போய் அழகரத்தினத்தின் காதில் சொன்னான்.

அழகரத்தினம் கரையில் வந்து நின்றார். சத்தம்கூடப் போடவில்லை.

"எழும்புங்க புள்ளையள்."

அவ்வளவுதான். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒருத்தி எழும்ப மற்றவள் எழும்பினாள். கிணற்றடிப் பெண் சேலையைத் தட்டிக்கொண்டு போனாள். மேனுகா கடைசியாக எழும்பினாள். எழும்பி, கண்ணகையைப் பார்த்து, வண்ணக்கரைப் பார்த்து, கைபிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போனாள்.

கண்ணகை மட்டும் இருந்தாள். தொழிலாளிகள் இரண்டு தொங்கலிலிருந்தும் கழற்றத் தொடங்கினார்கள். கரைப் பக்கம் ஒருவனாகக் கழற்றிக்கொண்டு வந்தவன் பிரதீஸ். சபையின் பெயர் எழுதிய சட்டை போட்டிருந்தான். தாயின் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினான். கடைசியில் அவள் இருந்த பலகைக்கு வந்தான்.

"உனக்குத் தெரியுமா மனே?"

"மாமா சொன்னவர்" என்றான். "உங்களிட்டச் சொல்ல வேணாம் எண்டவர்."

அவள் பலகையின் ஓரத்துக்கு நகர்ந்தாள்.

"இறங்குங்கம்மா. நான் கழட்டல்லெண்டா என்னை நிப்பாட்டிப் போடுவாங்க." கை நீட்டினான்.

கண்ணகை அந்தக் கையைப் பிடிக்கவில்லை. சத்தியப்பிரமாணத்துக்கென்று வாங்கிய சேலையை ஒதுக்கிக்கொண்டு பலகையின் ஓரத்திலிருந்து தானாகவே இறங்கினாள். சேறு முழங்காலைத் தாண்டி வந்தது. மகன் அவள் இருந்த பலகையைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு உழவு இயந்திரத்தை நோக்கிப் போனான்.